பத்து நாள் ஆயுள்

கிடங்கில் எல்லோரும் அவளைத் துடைப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றி அனுப்பும் பெரிய சரக்குக் கிடங்கு அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் அவள்தான். யாருடைய கணினி இழுத்துக்கொண்டு நின்றாலும் வந்து உட்காருவாள், வேண்டாத கோப்புகளைத் துடைத்துத் தள்ளுவாள், "இப்பப் பாருங்க" என்று எழுந்துபோவாள். மேசையில் சிந்திக் கிடக்கும் டீயையும் துடைத்துவிட்டுத்தான் போவாள். அது கூடவே பிறந்த வியாதி.

கூடவே பிறந்தது என்று சொல்வது தப்பு. அது அடிபட்டுக் கற்ற பாடம். அவளுடைய அப்பன் குடித்துவிட்டு வந்தால் (மரியாதை கொடுத்துச் சொல்ல வாய் வரவில்லை) தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் சுவரில் அடிப்பான். அது தீர்ந்ததும் அம்மாவை அடிப்பான். ஒரு தடவை அம்மாவின் தலையைக் கதவு நிலையில் மோதியதில் இரண்டு பல் தெறித்து விழுந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினாள், ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்தாள், பல்லைக் காகிதத்தில் மடித்து ஒளித்தாள். காலையில் அவன் எழுந்து பார்த்தால் தரை பளபளவென்று இருக்கும். "என்ன எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? நான் என்ன பண்ணிட்டேன்?" என்பான். இதைப் பண்ணினாய் என்று எடுத்துக் காட்ட ஒரு சில்லுகூட மிச்சமிருக்காது. தான் கூட்டிப் பெருக்கியதால்தான் அவன் மறுநாளும் துணிந்து கையை ஓங்கினான் என்பது அவளுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதற்குள் அவன் செத்துத் தொலைந்திருந்தான்.

கிடங்கில் இருபத்திரண்டு கேமராக்கள். எல்லாம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் படம்பிடித்து, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரில் போடும். தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தில் இருந்தது அந்தப் படங்கள் விழும் கோப்புறை. மின்சாரம் போய்வந்தால் கோப்புறையே காணாமல் போய், கேமராக்களுக்குப் போட்டுவைக்க இடமிருக்காது. மின்சாரம் போகாமல் இருந்தாலோ படம் குவிந்து சர்வரின் சேமிப்பு வட்டு நிரம்பி வழியும். இரண்டுக்கும் சேர்த்து அவள் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டாள். இந்த இடத்தில் இந்தப் பெயரில் ஒரு கோப்புறை இருக்க வேண்டும், இயந்திரம் எழும்போது அது இல்லையென்றால் நீயே உண்டாக்கு, இன்னார் மட்டும்தான் அதில் எழுதலாம், உள்ளே இருப்பவற்றுக்குப் பத்து நாள் ஆயுள். அவ்வளவுதான் அந்த வரி. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு லினக்ஸ் அந்த வரியைப் படித்து, ஆயுள் முடிந்தவற்றைத் துடைத்துவிடும்.

ஆனால் முதல் மாதமே வட்டு மறுபடி நிரம்பியது. முதலாளி குதியாய்க் குதித்தார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கோப்பின் வயதை அது பிறந்த நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. கடைசியாக யார் அதைத் தொட்டார்களோ அப்போதிலிருந்துதான் கணக்கு. எழுதினாலும் தொட்டதுதான், சும்மா திறந்து பார்த்தாலும் தொட்டதுதான். வைரஸ் தேடும் நிரல் ஒன்று ஒவ்வொரு படத்தையும் தினம் திறந்து முகர்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதனால் ஒன்றுக்கும் வயதே ஏறவில்லை. அந்த நிரலை அந்தப் பக்கம் போகாதே என்று தடுத்த பிறகுதான் எல்லாம் ஒழுங்காகத் துடைபட்டது. மதியம் சாப்பிடும்போது தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள்.

"யாராவது தெனம் எட்டிப் பாத்தா சாகவே மாட்டேங்குதுடா."

"அப்போ ஆஸ்பத்திரில படுத்திருக்கிற ஆளு மாதிரின்னு சொல்லு" என்றான் தம்பி.

தம்பி அதே கிடங்கில் சுமை இறக்குகிறவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான், அதை நினைத்து நினைத்துப் பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். சுமைக்காரர்களை மேய்க்க ஒருவன் இருந்தான், முதலாளியின் மச்சினன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு தடவை ஊதினால் வா என்று அர்த்தம், இரண்டு தடவை ஊதினால் ஓடி வா. ஆகவே அவன் பெயரும் விசில் என்றே ஆகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மூன்றாம் வாசலில் வயதான சுமைக்காரர் ஒருவர் கை நழுவிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். விசில் அவரைக் கன்னத்தில் அறைந்தான். விழுந்தவரை விலாவில் உதைத்தான். மறுபடியும் காலைத் தூக்கியபோது தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"போதும் சார். பெரியவரு சார் அவரு."

அவன் சொன்னது அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. விசில் இரண்டு தடவை ஊதினான். அவன் எப்போதும் கூட வைத்திருக்கும் இரண்டு தடியன்கள் ஓடிவந்து தம்பியின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி பக்கத்தில் கிடந்தது. விசில் அதை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது தாடையில். மூன்றாவது அடி கண்ணில். தம்பி தொங்கிப்போன பிறகும் அடித்தான். பாவி, மூச்சு வாங்க நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தான். சுற்றி நின்ற பதினான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஓடிவந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் திரும்பி வந்தால் சர்வர் அறைக்குப் புதுப் பூட்டு. அவளுடைய கணக்கு முடக்கப்பட்டிருந்தது, அடையாள அட்டையை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். அன்றே விசில் போலீஸில் புகார் கொடுத்திருந்தான். தம்பிதான் கொக்கியால் தன்னைக் கொல்ல வந்தானாம், தடுக்கப் போனதில் தானாக விழுந்து அடிபட்டானாம். இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அதே நேரத்தில் தம்பியின் வலது கையைக் கட்டிலோடு விலங்கு போட்டுப் பூட்டினார்கள். தொழிற்சங்க வக்கீல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அந்த வீடியோ இருந்தா உங்க தம்பி பொழச்சான். இல்லன்னா ஏழு வருஷம் உள்ளதான், அம்மா."

வக்கீல் நாயாய் அலைந்து நீதிமன்ற உத்தரவு வாங்கினார். சர்வரைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சாவி முதலாளியிடம் இருக்கிறது, அவர் வெளியூரில் இருக்கிறார், சனிக்கிழமை காலை தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிடங்கிலிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை என்றால் பதினோராவது நாள். அதற்கு முந்தின நாள் நான்கு மணிக்கே எல்லாம் துடைபட்டிருக்கும். அவளே எழுதிய வரி, அவளுடைய தம்பியைக் காவு கேட்டுக்கொண்டு வருகிறது.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளை வேனில் இழுத்துப் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு தடியன் அறைந்த அறையில் உதடு கிழிந்தது. கிடங்கின் பின்பக்கமாகக் கொண்டுபோய் சர்வர் அறையில் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். சன்னல் இல்லாத, சில்லென்ற சின்ன அறை. விசில் கதவைத் தாழிட்டான்.

"கையால அழிச்சா யாரு அழிச்சதுன்னு மெஷின் காட்டிக் குடுத்துடுமாம். அதுவா அழிஞ்சா யார் மேலயும் தப்பில்ல. நீ எழுதின ரூல்தானே? ஆனா உன்ன நம்ப முடியாது. இத மட்டும் துடைக்காதேன்னு எங்கயாவது சொருகி வச்சிருக்கியா? காட்டு."

அப்படி ஒரு விதிவிலக்கு வரியைப் போட முடியும். அவள் போடவில்லை. போட்டிருக்கக் கூடாதா என்று பத்து நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். தன் கணக்கைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் விரல்கள் தாமாக ஓடின. ஒரே ஒரு வரி போதும், மூன்று விநாடி போதும். திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்த விசிலுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத பயத்தில், அவள் வரியை முடிக்கும் முன்பே வலது கையைப் பிடித்து இழுத்து, சர்வர் அலமாரியின் இரும்புக் கதவுக்கு நடுவே வைத்து ஓங்கிச் சாத்தினான். இரண்டு விரல் ஒடிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. அலறினாள். தடியன் ஒருவன் வாயைப் பொத்தினான்.

"இனி இடது கையால தட்டு. ஒண்ணொண்ணா."

ஒவ்வொன்றாகத் தட்டினாள். ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. அந்த வரியைக் காட்டினாள், பத்து நாள் என்ற இடத்தைக் காட்டினாள், விதிவிலக்கு எதுவும் இல்லை என்று காட்டினாள். செவ்வாய்க்கிழமைப் படங்களின் பட்டியலையும் காட்டச் சொன்னான். மூன்றாம் வாசல், இரண்டு பத்து. அது இன்னும் அங்கேதான் இருந்தது.

"இதுதானா? போடு, பாப்போம்."

"வேணாம் சார்" என்று அவள் கெஞ்சினாள். "அத மட்டும் போடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். நான் இன்னும் அதப் பாக்கல சார்."

தந்திரமாக ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக வயிறு எரிந்துதான் சொன்னாள். அவள் கெஞ்சியதுதான் அவனுக்கு ருசித்தது. தானே மவுஸைப் பிடித்துப் படத்தைத் திறந்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தடியன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திரைக்கு நேராக நிமிர்த்தினான். சத்தமில்லாத படம். தோளில் விழுந்தது. தாடையில் விழுந்தது. விசில் ஒவ்வொரு அடிக்கும் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி அவனே சத்தம் கொடுத்தான். கொக்கி மூன்றாவது தடவை இறங்கியபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

திறந்துவிட்டான்.

கடவுளே, முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள். படம் முடிந்தது.

"அண்ணே, இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்றான் தடியன்.

இன்னொரு தடவை போட்டார்கள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. யாரும் முடியைப் பிடிக்கவும் தேவைப்படவில்லை. தம்பியின் தலை பின்னால் சாய்ந்ததையும், அவனுடைய செருப்பு ஒன்று கழன்று ஓடியதையும், தரையைப் பார்த்து நின்ற பதினான்கு பேரையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

"பாத்தியாடா, பழகிடுச்சு" என்று விசில் சிரித்தான்.

சரியாக நான்கு மணிக்கு அலமாரிக்குள் வட்டு கரகரவென்றது. நிரம்பியிருந்த வட்டில் காலியிடம் மளமளவென்று கூடுவதைத் திரை காட்டியது. துடைக்கும் வேலை முடிந்தது என்று ஒரு வரி வந்து நின்றது.

"போச்சா?" என்று கேட்டான் விசில்.

"பத்து நாளா யாரும் தொடாததெல்லாம் போச்சு சார்" என்றாள்.

அது அப்பட்டமான உண்மை. அவன் காதில் 'போச்சு' மட்டும்தான் விழுந்தது. சந்தோஷத்தில் விசிலை ஒரு ஊது ஊதினான், தடியன்கள் கைதட்டினார்கள். போகிற போக்கில் அவளுடைய ஒடிந்த கையை இன்னொரு தரம் அழுத்திவிட்டு, யாரிடமாவது வாயைத் திறந்தால் தம்பிக்கு இருக்கிற ஒரு கண்ணும் போகும் என்று சொல்லி வெளியே தள்ளினான்.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டரும் கணினி தெரிந்த ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். வக்கீலோடு அவளும் போயிருந்தாள், கையில் கட்டோடு. வெளியூரிலிருந்து வந்துவிட்ட முதலாளியின் பக்கத்தில் விசில் சுவரில் சாய்ந்து நின்று, "தாராளமா எடுத்துக்கோங்க சார், எல்லாம் தானா அழிஞ்சிருக்கும், இந்தம்மா எழுதின ரூல்தான்" என்றான். கணினிக்காரர் கோப்புறையைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் நின்றுவிட்டார். இருபத்திரண்டு கேமராவின் பகல் முழுக்கத் துடைபட்டுக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

"இது ஒண்ணு மட்டும் ஏன் நிக்குது?"

"அத நேத்து இவரு பாத்தாரு சார்" என்றாள் அவள். "பாத்தா வயசு மறுபடி ஒண்ணாம் நாள்லேருந்து ஆரம்பிக்கும்."

கணினிக்காரர் ஏதோ தட்டிப் பார்த்தார். கடைசியாகத் திறந்தது நேற்று பிற்பகல் மூன்று முப்பத்தெட்டு என்று சத்தமாகப் படித்தார். சாவி நேற்று யாரிடம் இருந்தது என்று இன்ஸ்பெக்டர் விசிலைக் கேட்டார். விசில் முதலாளி பக்கம் திரும்பினான். முதலாளி தரையைப் பார்த்தார். விசைப்பலகையில் காய்ந்து கிடந்த ரத்தத்தை இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவள் ஒன்றைத் துடைக்காமல் விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கட்டிலோடு பூட்டியிருந்த விலங்கைக் கழற்றினார்கள். தம்பி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அக்காவின் கைக்கட்டை ஒற்றைக் கண்ணால் வெகு நேரம் பார்த்தான்.

"அக்கா, நீயும் அதப் பாத்தியா?"

"பாத்தேன்டா."

"ஏன்க்கா பாத்த?"

 அவள் நல்லாயிருந்த இடது கையால் அவன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, ஏழு வயதிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.