வாயாடி பேசிய கடைசி ஆட்டம்

என் தம்பி மகன் வெல்டிங் வேலை செய்கிறவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. தெருவே அவனை வாயாடி என்றுதான் கூப்பிடும். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"குரல் போறதுக்குள்ள கூட்டாளிங்களோட கம்ப்யூட்டர்ல ஒரு துப்பாக்கி ஆட்டம் ஆடி, ரெக்கார்டு பண்ணி வச்சுக்கிறேன் அத்தை. பின்னாடி என் பேச்சைக் கேக்கலாம்ல?"

"இத்தனை வருஷம் கேட்டு எங்க காது புண்ணானது போதாதாடா?" என்றேன்.

அதற்கான சாஃப்ட்வேரை அவனே போட்டுச் சோதித்தான். துப்பாக்கிச் சத்தமும் கூட்டாளிகள் பேச்சும் பதிவானதைக் கேட்டு, எல்லாம் சரி என்று நினைத்துவிட்டான். தன் குரலும் பதிய, மைக்கைத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம். அது தெரியாமலே சாயங்காலம் முழுக்கக் கத்தினான், திட்டினான், பாடினான்.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவைப் போட்டான். கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுகிறார்கள். பிறகு வெறும் துப்பாக்கிச் சத்தம். பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"டேய் வாயாடி, வயிறு வலிக்குது, நிறுத்துடா!" என்கிறான் ஒருத்தன்.

"அப்படி என்னடா சொன்ன?" என்று கேட்டுவிட்டேன்.

வாயைத் திறந்தான். கழுத்து வழியாகக் காற்றுதான் வந்தது.