முனிரத்தினத்தின் எட்டாவது கட்டம்

காலை ஆறு மணிக்கு எங்கள் கணக்கெடுப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் முனிரத்தினத்தின் எண்ணிலிருந்து செய்தி வந்தால், 'எடத்துக்கு வந்துட்டேன் சார்' என்றுதான் இருக்கும். போன செவ்வாய்க்கிழமையும் ஆறு மணிக்கு வந்தது. வழக்கம்போல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து படித்தபோதுதான் தெரிந்தது, எழுதியது அவர் மனைவி. மாரடைப்பு, விடியற்காலையில் போய்விட்டார். சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் காட்டிய ஆள் நான். பதறி அதை அழித்தேன். அவர் விஷயத்தில் நான் அழித்தது அது ஒன்று மட்டுமில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கும்மிடிப்பூண்டியில் எங்கள் சிறிய அலுவலகத்தில் சாலைக்கும் வண்டி நிறுத்தத்திற்கும் வரைபடம் போடுவது நான். எத்தனை வண்டி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிக் கொடுப்பது அவர். புதுவாயல் கூட்ரோட்டில் குடையை நட்டுக்கொண்டு, காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களை நாள் முழுக்க எண்ணுவார். வண்டிக்கு ஒரு கோடு; நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒருநாள் பெருமழையில் அரைமணி நேரக் கணக்கு விட்டுப்போனது. "முன்னாடி பின்னாடி பாத்து ஒரு சராசரி போட்டுடுங்க" என்றேன். "பாக்காத வண்டிய நான் எப்டி சார் எழுதறது?" என்று கேட்டுவிட்டு, அந்த இடத்தில் 'மழை' என்று எழுதி வைத்தார். பெரிய அரிச்சந்திரன் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன்.

பிறகு அந்த விமான நிலைய வேலை வந்தது. பெயர் வேண்டாம், நம் பக்கத்திலிருந்து வேனில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். புதிய முனையத்துக்கு அணுகுசாலையும் வண்டி நிறுத்தமும் நாங்கள் திட்டமிட வேண்டும். முனிரத்தினம் பழைய முனையத்தின் வாசலில் நாலு நாள் உட்கார்ந்தார். கணக்குத் தாளில் கார், ஆட்டோ, பஸ் என்று அச்சடித்த கட்டங்கள் ஏழு. அவர் ஓரத்தில் ஸ்கேல் வைத்து எட்டாவதாக ஒன்று போட்டு, 'வழியனுப்ப வந்து நிக்கிறவங்க' என்று தலைப்பு எழுதியிருந்தார். அந்தக் கட்டம் முழுக்கக் கோடுகள்.

"ஒருத்தன் துபாய் போறான்னா ஒரு வேன் ஜனம் வருது சார். புளிசோறு கட்டிக்கினு வராங்கோ. ப்ளேன் மேல ஏறறத பாக்காம ஒருத்தரும் வண்டில ஏற மாட்டாங்கோ. அது வரிக்கும் வேன் நிக்க எடம், ஜனம் நிக்க நெழலு, ஒரு பாத்ரூம் வோணும்" என்றார்.

என் வரைபடம் முடிந்திருந்தது. மூன்று நிமிடத்தில் ஆளை இறக்கிவிட்டு வண்டி நகர வேண்டும். அதைத் தாண்டினால் கார்களுக்கு மட்டும் நிறுத்தம். வேனுக்கு இடம் விட்டால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். மறுநாள் கூட்டம். "நாம இன்னா கல்யாண மண்டபமா கட்டறோம் முனிரத்தினம்?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். அலுவலகம் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிவப்புப் பேனாவை எடுத்து எட்டாவது கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

கூட்டத்தில் ஓர் அதிகாரி சரியாக அதையே கேட்டார். "வழியனுப்ப சொந்தக்காரங்க கூட்டமா வந்து நிப்பாங்களே, அதுக்கு என்ன செஞ்சிருக்கீங்க?"

"சர்வேயில அப்படி எதுவும் வரல சார்" என்றேன்.

கடைசி வரிசையில், கணக்குத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் புதுவாயலுக்குப் பக்கத்து ஆரணியில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது என் வழக்கம். அன்றைக்கு, "புதுவாயல்லயே உட்டுருங்க சார், பஸ் புடிச்சிக்கிறேன்" என்றார். அதன்பின் அந்த வேலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புதிய முனையத்தை என் வரைபடப்படியே கட்டித் திறந்தார்கள்.

சாவுச் செய்தி வந்த செவ்வாய்க்கிழமை, பூமாலையோடு ஆரணிக்குப் போனேன். அவர் மகள் செல்வி நர்ஸ். வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய் நாலு மாதம்தான் ஆகிறது. லீவு கிடைக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் நீட்டிப் பிடித்த செல்போனில் அழுதுகொண்டிருந்தாள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"ஏஜென்ட் அந்த ஏர்போர்ட்லதான் சார் டிக்கெட் போட்டான். பதினாறு பேர் வேன்ல போனோம். வண்டிய நிறுத்தக் கூட உடல, செக்யூரிட்டி விசில் ஊதிக்கினே இருந்தான். புள்ளய கட்டிப் புடிச்சி அழக்கூட முடியல. எங்கள மெயின் ரோட்டாண்ட தொரத்திட்டான். கால்வா ஓரமா வெயில்ல நின்னோம், மாமியா மயங்கிப் பூட்டாங்க. நான் இவரத்தான் திட்டனேன். நீங்கதான இங்க நாலு நாளு குந்திக்கினு எண்ணனீங்க, இவ்ளோ ஜனம் வரும்னு சொல்லலியான்னு கேட்டேன். நான்தான் எண்ணாம உட்டுட்டேன், தப்பு என்னுதுன்னாரு. அதோட புள்ள அப்பாவப் பாக்கல சார்."

யாரோ என் கையில் டீயைக் கொடுத்தார்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் டீயைக் குடித்தேன். குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

பார்க்காத வண்டியை ஒருநாளும் எழுதாத மனிதர், எண்ணியதை எண்ணவில்லை என்று தன் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, சொல்லக்கூடத் தகுதியில்லாத ஆள் என்று என்னை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் இதை அவர் மனைவியிடம் நானே போய்ப் படித்துக் காட்டுவேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நாலு நாள் தாள்கள்தான். அலுவலக பீரோவிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

செல்வி, நீ ஊருக்கு வரும்போது அவற்றை உன்னிடம் தருகிறேன். எட்டாவது கட்டத்தைப் பார். சிவப்பு மைக்கு அடியில் உன் அப்பா போட்ட கோடுகள் ஒன்றுகூட மறையவில்லை. அவர் எல்லோரையும் எண்ணியிருந்தார். அடித்தது நான்.