பரலோகம்/அப்பா

சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது நிஜமாகவே நடந்தது. நடந்தது கொட்டாவிக்கு. என் அறையில் கூட இருப்பவன். பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுகிற ஜென்மம்.

அம்மாவுக்கு மாத்திரை நேரத்தில் அலாரம் அடிக்க அவன் ஓர் ஆப் எழுதியிருந்தான். வெளிநாட்டிலிருக்கும் அக்கா தன் ஊர் நேரப்படி அதைக் குறித்துவைத்தாள். கொட்டாவி ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்காமல், இத்தனை மணி வித்தியாசம் என்று மட்டும் எழுதித் தொலைத்திருந்தான். பருவம் மாறியதும் அந்த நாட்டு வழக்கப்படி கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தினார்கள். ஆப் குழம்பிப்போய், பழைய நேரத்துக்கு ஓர் அலாரம், புதிய நேரத்துக்கு ஓர் அலாரம் என்று அடித்தது. அம்மா இரண்டு தடவையும் மாத்திரை போட்டு மயங்கி விழுந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்கடா. டாக்டரே சொல்லிட்டார்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் ஆளில்லை. அம்மா இரண்டு மணி மாத்திரையைப் போட்டதைப் போனில் உறுதிசெய்துகொண்டு ஆப்பைத் திருத்த உட்கார்ந்தான். இனி கண்டம், சாய்கோடு, ஊர் என்று முழுப்பெயர் கொடுத்தால்தான் ஆப் ஏற்கும். இல்லாத ஊரை மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்கும் அலாரம் போகாத சோதனைப் பிரதியில் அம்மாவின் கணக்கைத் திறந்தான். குறும்பு சும்மா இருக்குமா? "பரலோகம்/அப்பா" என்று தட்டினான். அப்பா போய் ஒரு வருஷம்.

பிழை என்று வந்திருக்க வேண்டும்.

2:05 என்று வந்தது.

சுவரில் மணி 2:40. மறுபடி ஓட்டினான். 2:04. மறுபடி... 2:03.

ஊரெல்லாம் நேரம் முன்னே போகிறது. இங்கே மட்டும் பின்னே.

ஏசி அணைந்துதான் இருந்தது. பிடரி சில்லிட்டது.

2:02.

திரையின் மூலையைப் பார்த்தான். சோதனைப் பிரதி இல்லை. அவசரத்தில் திறந்தது நிஜ ஆப். அம்மாவின் நிஜக் கணக்கு. இரண்டு மணி ஆனால் மறுபடி அலாரம் அடிக்கும்.

அழித்தான். அழியவில்லை.

2:01...

போன் போட்டான். ட்ரிங்... ட்ரிங்...

2:00.

ட்ரிங்...

எடுத்தார்.

"அம்மா, மாத்திரை போடாதம்மா."

"போடலைடா. கையில எடுத்துட்டேன். அப்பாதான் வேணாம்னார்."

"யாரு?"

"உன் அலாரத்துலதான் பேசினார். நல்லா வெச்சிருக்கடா."

ஆப்பில் இருப்பது வெறும் மணியோசை. குரல் வசதியே கிடையாது.

மறுநாள் அதே பெயரைத் தட்டினான். பிழை என்று ஒழுங்காக வந்தது. தட்டிய பெயரைப் பற்றி அவன் அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாதான் போன் போட்டுக் கேட்டார்.

"ஏன்டா, அவரைச் சும்மா சும்மா கூப்பிட்டியாமே? என்ன விஷயம்னு கேக்கச் சொன்னார்."