முனியப்பன் பாட்டில்களும் ஸ்டெல்லா வக்கீலம்மாவும்

மூத்த பேத்தி கால்நடை டாக்டராகி ஆனைமலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. பேரன் கபடியில் மாவட்ட அணிக்குப் போயிருக்கிறான். இதையெல்லாம் சொல்லத்தான் போன வாரம் ஸ்டெல்லா வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்து, "அம்மா முந்தாநாள் தவறிட்டாங்க பெரியம்மா" என்றாள். அதனால்தான் இந்தக் குரூப்பில் எழுதுகிறேன்.

அந்தம்மாவைத் தெரிந்த உங்களில் சிலருக்கு என் வழக்கு தெரியாமல் இருக்கலாம். எங்கள் முனியப்பனுக்குக் கிடாய் வெட்டும்போது பிராந்தியும் வைத்துப் படைப்போம். அந்த வருசம் விசேஷத்தன்று மதுக்கடைக்கு விடுமுறை. சொந்தக்காரர்கள் முன்னதாகவே வாங்கி, மஞ்சள் துணி கட்டி, என் வீட்டில் வைத்தார்கள். போலீஸ் வந்து யாருடையது என்று கேட்டபோது, எல்லாம் என்னுடையது என்றேன். விற்க வைத்திருந்தேன் என்று மதுவிலக்கு வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். ஜெயிலைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு. நான் அருமைக்காரி, கல்யாணங்களில் முன்நின்று சீர் செய்கிறவள். தண்டனைக்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

அப்பீலுக்காகத்தான் கோயமுத்தூர் போய் ஸ்டெல்லாம்மாவைப் பார்த்தேன்.

"ஏனுங்கக்கா, சாமிக்கு வெச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"முனியப்பனையும் கேசுல சேத்திப்போடுவாங்கன்னு பயந்துட்டேனுங்க."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சேத்தியிருந்தா அவருக்கும் நானே வக்காலத்துப் போட்டிருப்பேன்" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அவர்.

கோர்ட்டுப் படி ஏறும்போது என் காதில் சொன்னார்: "ஜட்ஜய்யாவைப் பாத்துச் சாப்ட்டீங்களான்னு கேட்டுப்போடாதீங்கக்கா."

போலீசிடம் சொன்னதை வைத்துத் தண்டிக்க முடியாது, விற்றதைப் பார்த்த சாட்சியும் இல்லை என்று வாதாடினார். கடைசியில், "விற்கிற பாட்டிலுக்கு யாராவது மஞ்சள் துணி கட்டுவார்களா?" என்று கேட்டார். தண்டனை ரத்தானது. நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். "தீர்ப்பு கோர்ட்டு வாசலோட நின்னுருமுங்க. ஊருக்குள்ள நீங்கதான் தலை நிமிந்து போகோணும்" என்றார்.

அடுத்த முகூர்த்தத்துக்கே பங்காளி வீட்டில் வந்து கூப்பிட்டார்கள். அந்தம்மாவும் வந்தார். இன்றைக்கும் சீர் செய்ய மணவறை ஏறும்போது அவர் சொன்னதை நினைத்துத்தான் தலையை நிமிர்த்துகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

இந்தக் குரூப்பில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டுப் படத்தில் அவர் முறைக்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் நான் சீர் செய்ய, பக்கத்தில் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கிற படம் அவர் மகள் உன்னிடம் இருக்குமே, கண்ணு. அதை எடுத்துப் போட்டுவிடு.