ஒன்று என்றால் முதலிடம்

எங்கள் அறிவியல் டீச்சருக்கு ‘இன்னொருவாட்டி’ என்று பட்டப்பெயர். புரியவில்லை என்றால் கோபப்படாமல், “சரி, இன்னொருவாட்டி பாக்கலாம்” என்பார். மின்னோட்டத்தை விளக்க எங்களையே வரிசையாக நிறுத்தித் தோளைத் தள்ளச் சொன்னவர். இருபது வருடமாக இரண்டு பஸ் மாறி வந்தார்.

போன வருடம் ஆசிரியர்களை மதிப்பிட மாணவர்களுக்குப் படிவம் கொடுத்தார்கள். ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிட வேண்டும்.

வகுப்புத் தலைவி கிசுகிசுத்தாள். “நம்ம டீச்சருக்கு எல்லாத்துலயும் ஒண்ணு போடுங்கடி. ஃபர்ஸ்ட் ரேங்க். மத்தவங்களுக்கு ரெண்டு, மூணு போதும்.”

படிவத்தின் தலையில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்துவிட்டேன். ஐந்துதான் மிக நன்று. ஒன்று மிக மோசம்.

முந்தின நாள்தான் என் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, “ஏம்மா, தூக்கத்துல எழுதுனியா?” என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்திருந்தது. அந்தக் கடுப்பு ஆறவில்லை. வாயைத் திறக்காமல் நானும் ஒன்றையே வட்டமிட்டேன்.

பள்ளியிலேயே கடைசி மதிப்பெண் அவருக்குத்தான். மூன்று மாதம் அவருக்கு வழிகாட்ட ஒரு ஆசிரியையை அனுப்பினார்கள். டீச்சரின் மகள் வயதுதான் இருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். டீச்சர் எங்களைப் பார்க்காமல் அந்த பெஞ்சையே பார்த்துப் பாடம் நடத்தினார். சாக்பீஸ் இரண்டு தடவை கைநழுவியது.

தாங்காமல் ஒருநாள் ஆய்வகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரிஞ்சேவா போட்ட?”

“ஆமா டீச்சர்.”

கழுவிய குடுவையையே மறுபடி கழுவினார். “யாருக்குப் புரியாம நடத்தினேன்னு தினமும் பஸ்ல யோசிச்சிட்டு வர்றேன்மா. ஹெச்.எம்.கிட்ட வந்து சொல்றியா?”

“நாளைக்குச் சொல்றேன் டீச்சர்.”

சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

அடுத்த படிவத்தில் ‘ஐந்தே உயர்ந்தது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். டீச்சர் முதலிடத்துக்கு வந்தார். காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர், வழிகாட்டுதல் ஒருவரை எப்படி மாற்றுகிறது பாருங்கள் என்று பேசி, டீச்சரை மேடைக்கு அழைத்தார். அவர் அந்த இளம் ஆசிரியைக்கு நன்றி சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.