கொழுந்துக் காட்டில் கொட்டிய பால்

புளித்த பாலும் தேயிலைக் கறையும் சேர்ந்து வெயிலில் காய்ந்தால் ஒரு வீச்சம் வரும். தாய்மை என்றதும் பூத்தூவிப் பேசுகிறவர்கள் யாரும் அதை முகர்ந்திருக்க மாட்டார்கள். என் அம்மாவின் ரவிக்கையில் அது எப்போதும் இருந்தது. வண்டிப்பெரியாறுக்கு மேலே, எஸ்டேட் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், எங்களுக்கு ஒற்றை அறை. அவள் குளித்து வந்த பிறகும் அறைக்குள் அதே வாடைதான்.

தம்பி பிறந்த மூன்றாம் மாதமே அம்மா கொழுந்து கிள்ளப் போய்விட்டாள். அவனைக் கீழே "புள்ளைக் கொட்டகை"யில், ஆயாவின் பொறுப்பில், மற்றப் பிள்ளைகளோடு தொட்டிலில் போட்டுவிட்டுப் போவாள். பால் கொடுக்க இறங்கி வரலாம் என்று பேச்சுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆனால் தனக்கு விட்ட "நெரை"யை, அதாவது செடி வரிசையை, முடிக்காமல் இறங்கினால் சூப்பர்வைசர் அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார். "புள்ள அழுதா தண்ணி குடிக்கும், கொழுந்து முத்துனா யாரு குடிப்பா?" என்பார் அந்த மனிதர். தூ! அதற்கும் நாலு பேர் சிரிப்பார்கள்.

எனக்கு எட்டு வயது. ஒரு சனிக்கிழமை, தம்பி சீனித் தண்ணீரைத் துப்புகிறான், அம்மாவைக் கூட்டி வா என்று ஆயா என்னை மேலே விரட்டினாள். மூச்சிரைக்க ஏறிப் போனால், அம்மா செடிகளுக்கு நடுவே எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று, வலி பொறுக்க மாட்டாமல், பால் கட்டிய மாரைப் பிதுக்கித் தரையில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். செம்மண்ணில் வெள்ளை நுரை, அதன்மேல் ஈ. எனக்குக் குமட்டிவிட்டது. ஒதுங்கிப் போய் வாந்தியெடுத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கி ஓடினேன். அம்மாவைக் காணவில்லை என்று ஆயாவிடம் வாய்கூசாமல் பொய் சொன்னேன். அம்மாவுக்கு வேலை விடும்வரை தம்பி கத்திக்கொண்டே கிடந்தான்.

அதற்குப் பிறகு பல மாதம் அம்மா உருட்டித் தந்த சோற்றை நான் வாங்கவில்லை. வயிற்றுவலி என்றேன். நம்பிவிட்டாள் என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

போன மாதம் அம்மாவையும், பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருக்கும் என் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். லயம் இடிந்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குப் படம் எடுக்கும் கடை. சேலையும் கூடையும் வாடகைக்குத் தருகிறார்கள், முதுகில் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் குழந்தையும் தருகிறார்கள். மேலே "தாய்மையின் தியாகம்" என்று பலகை. கண்றாவி! பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ள எந்த சூப்பர்வைசர் விட்டான்? என் மகளோ, ஆபீஸில் தனி அறையில் உட்கார்ந்து மெஷினில் பாலெடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவள், அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு, "அம்மாச்சி, நீங்களும் இப்படித்தானே?" என்று சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அம்மாச்சியின் பால் எங்கே போனது என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் தாயி," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு ஒனக்கே கொமட்டிச்சில்லா."