மூடிக் கொடுத்த துவக்கு

அந்த எண்ணம் வந்தது பாத்திரம் கழுவும் தொட்டியருகே. எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. எங்கள் உணவகத்தின் பிரெஞ்சுச் சமையற்காரன், ஏறக்குறைய என் வயதுக்காரன், முந்தின நாள் வேட்டையில் சுட்ட காட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. பாரிசுக்கு வந்த இரண்டு வருடத்தில் என் சப்பாத்தில் ஒரு நாள்கூடச் சேறு பட்டதில்லை. "ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன். "நடப்பாய் என்றால் வா" என்றான்.

பாரிசின் லா ஷப்பெல் பகுதியில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஞாயிறன்று மற்ற நால்வருக்கும் வேலை. நான் ரூ காய் தெரு வரை போய், பூட்டிய கடைகளைப் பார்த்து, ஒருவரோடும் பேசாமல் திரும்புவேன். வேட்டைக் கதையைச் சொன்னதும் அறையில் மூத்த அண்ணை சிரித்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்சை அதுக்குப் பின்னாலை உலாத்தப் போறியோ?"

"நான் சுடப் போகேல்லை அண்ணை. சும்மா நடக்கத்தான்."

"ஓம் ஓம். முயல் மறிச்சால் கார்த் த செஜூரைக் காட்டு." பொலிஸ் மறித்தால் நாங்கள் காட்டும் வதிவிட அட்டை அது.

அந்த ஞாயிறு, பாரிசுக்கு வெளியே, பீட்ரூட் வயல்களின் ஓரமாக அவனும் நானும் இரண்டு மணிநேரம் நடந்தோம். அவன் துவக்கின் குழல் நிலத்தை, இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்தது. விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவன் சலிக்காமல் பதில் சொன்னான். ஒருவர் என் நடைக்கு நடை வைத்துப் பக்கத்தில் வருவது எப்படியிருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

கம்பிவேலி ஒன்று வந்தது. அவன் துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாவையும் சட்டைப்பைக்குள் போட்டு, வெறும் துவக்கை என்னிடம் தந்துவிட்டு வேலியில் ஏறிக் குதித்தான். என் கையில் அது முறிந்த சாமான்போலத் தொங்கியது. ஒருவருடைய பொருளை அப்படியா திருப்பிக் கொடுப்பது? 'டக்'கென்று மூடினேன். வீட்டில் பழக்கியபடி, மரியாதையாக, இரண்டு கையாலும் ஏந்திக் கம்பிகளுக்கிடையால் நீட்டினேன். குழல் நேரே அவன் வயிற்றைப் பார்த்தது.

அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"திற அதை."

"வெறும் துவக்குத்தானே. நீ தோட்டாவை எடுத்ததைப் பார்த்தேன்."

"நீ மூடிவிட்டாய். உள்ளே என்ன இருக்கிறதென்று இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலை. ஊரில் இராணுவச் சோதனைச்சாவடியில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

அவன் காரில் திரும்பினோம். போர்த் த லா ஷப்பெலில் இறக்கிவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்றான். அந்தக் கிழமை முழுக்கச் சட்டி, கரண்டி பற்றி மட்டுமே பேசினான். அடுத்த ஞாயிறைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மத்தியான ஓய்வில் வெறும் அறைக்கு வந்து விளக்குமாற்றுத் தடியை வைத்துப் பழகினேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று கொடுப்பேன்; சுற்றி ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று வாங்குவேன். ஆள் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை வரை அவன் கூப்பிடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் கார் வரும் வழியில் போய் நிற்பதென்று முடிவு செய்தேன். நிறுத்தினால், முதல் வேலியில் துவக்கை நானே கேட்டு வாங்க வேண்டும். திறந்தபடியே, குழல் நிலத்தைப் பார்க்க, மரப்பிடியை அவன் பக்கம் நீட்ட வேண்டும்.